ஏழு மணிப் பச்சைப் புள்ளி

என் மனைவிக்குப் பதவி உயர்வும் சென்னைக்கு மாற்றலும் ஒரே உத்தரவில் வந்தன. முதல் பாராவைப் படித்ததுமே நான் இனிப்பு வாங்கக் கிளம்பிவிட்டேன். திரும்பி வருவதற்குள் அவள் இரண்டாவது பாராவையும் படித்து முடித்திருந்தாள். அந்த டப்பா மூன்று நாள் மேஜையிலேயே கிடந்து, கடைசியில் வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் எடுத்துக்கொண்டு போனார்.

அவளுக்கு மத்திய அரசு வேலை. பெண் பன்னிரண்டாம் வகுப்பு. தில்லி லோதி ரோட்டில் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து பள்ளி நடந்துபோகும் தூரம். பிள்ளையின் படிப்பு முடியும்வரை குவார்ட்டர்ஸை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருந்தது. அதனால் அவள் போனாள், நாங்கள் இருந்தோம். வாசலில் அவள் பெயர்ப் பலகை, உள்ளே நானும் பெண்ணும். தபால்காரர்கூட அவளைத்தான் கேட்பார்.

கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "மேடம் தோ அப்னே கர் சலீ கயீ, அச்சா ஹுவா" என்று பார்க்கும்போதெல்லாம் சொன்னார். சொந்த ஊருக்குப் போய்விட்டாளாம், நல்லதாயிற்றாம். விந்தியத்துக்குத் தெற்கே எல்லாம் அவருக்கு ஒரே ஊர். என் மனைவி கோயம்புத்தூர்ப் பக்கம். கல்யாணமாகி நேரே தில்லிக்கு வந்தவள். சென்னையில் அவளுக்குத் தெரிந்த ஒரே இடம் சென்ட்ரல் ரயில் நிலையம். இதை எந்த இந்தியில் விளக்குவது? நானும் "ஹாஞ்ஜி, அச்சா ஹுவா" என்று சொல்லிவிட்டுப் படியேறி வந்துவிடுவேன்.

ஆரம்பத்தில் தினமும் தொலைபேசியில் பேசினோம். அன்பாகத்தான் தொடங்கும். சிலிண்டர் வந்ததா, பெண் பால் குடிக்கிறாளா, பால்கனிக் கொடியில் துணி இன்னும் கிடக்கிறதா என்று போய், கொடியில் வந்து சண்டையாகும். எனக்குக் கோபம் சட்டென்று வந்து சட்டென்று போய்விடும். அவளுக்கு மெதுவாக வரும், வந்தால் சொந்தக்காரர் மாதிரி நாலு நாள் தங்கிவிட்டுத்தான் போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற மனைவியை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தால் ஒரு டம்ளர் காபி போட்டுக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொள்வேன். அவளும் பேசாமல் எடுத்துக் குடிப்பாள். போனில் பேசாமல் இருந்தால் "லைன்ல இருக்கீங்களா?" என்கிறார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பேசாமல் இருப்பதுதான். அடுத்த அறையில் அவள் இருக்கிறாள் என்கிற நிச்சயம். அதை எப்படிச் செய்வது என்பது, பார்க்கப்போனால், என் பிழைப்பிலேயே இருந்தது.

நொய்டாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை. பாதி நாள் வீட்டிலிருந்தே செய்யலாம். கணினிக்கு முன்னால் ஆள் இருக்கிறாரா, எழுந்து போய்விட்டாரா என்று கண்டுபிடிக்கும் நிரல்களை எழுதுவது என் பங்கு. கேட்பதற்குச் சுலபம். ஆனால் ஒரு நிரலால் விசைப்பலகையையோ மவுஸையோ நேராகத் தொட்டுப் பார்க்க முடியாது. அவையெல்லாம் இயங்குதளத்தின் பொறுப்பு. அதனிடம் முறைப்படி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிக் கேட்பதற்குத்தான் சிஸ்டம் கால் என்று பெயர். அரசாங்க அலுவலகத்தில் ஜன்னலுக்கு வெளியே நின்று காகிதத்தை நீட்டுவோமே, அதே கதை. உள்ளே போக நமக்கு அனுமதி கிடையாது. உள்ளே இருப்பவர் பார்த்துச் சொல்வார்.

கேட்பதில் இரண்டு தினுசு உண்டு. 'ஏதாவது வந்ததா, ஏதாவது வந்ததா' என்று ஓயாமல் நச்சரிப்பது ஒன்று. 'நான் இங்கேயே தூங்குகிறேன், யாராவது விசையைத் தொட்டால் எழுப்பு' என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டுப் படுத்துவிடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் அழகு. நிரல் பாட்டுக்குத் தூங்கும், கணினிக்கும் சுமை இல்லை, விரல் பட்ட அந்தக் கணத்தில் விழித்துக்கொள்ளும். முதல் தினுசில் எழுதிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் கரடியாகக் கத்துவேன். காத்திருக்கத் தெரியாதவர்களுக்கு இந்த வேலை எதற்கு என்பேன். அலுவலகத்தில் என்னைப் பின்னால் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

அவள் மடிக்கணினியில் இருந்த இயங்குதளத்தில் இன்னும் எளிய ஒரு அழைப்பு இருந்தது. 'கடைசியாக விசையோ மவுஸோ அசைந்தது எப்போது?' என்று கேட்டால் நேரத்தை மட்டும் சொல்லும். எந்த விசை, என்ன எழுத்து, ஒன்றும் சொல்லாது. ஒவ்வொரு விசையையும் அப்படியே பிடித்துக் காட்டுகிற வழியும் இருக்கிறது, எனக்கு அத்துப்படி. அதை அவள் கணினியில் வைக்க மனம் ஒப்பவில்லை. அவள் யாருக்கு என்ன எழுதுகிறாள் என்பது எனக்கு வேண்டாம். இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும்.

அவள் தீபாவளிக்கு வந்தபோது இரண்டு கணினியிலும் அதைப் போட்டேன். திரையின் மூலையில் ஒரு சின்னப் புள்ளி. அவள் அங்கே விசையையோ மவுஸையோ தொட்டால் என் திரையில் பச்சை. நான் தொட்டால் அவள் திரையில் பச்சை. இரண்டு மூன்று நிமிடம் யாரும் தொடாவிட்டால் சாம்பல் நிறமாகிவிடும். அவ்வளவுதான்.

"நாம இருக்கறதக்கூட மெசினு வந்து சொல்லோணுமாக்கும்?" என்று அவள் சிரித்தாள். ஆனால் ரயில் ஏறும்போது, "ஏழு மணிக்கு ரூமுக்கு வந்துருவனுங்க, பாருங்க" என்றாள்.

அங்கே போய்ச் சேர்ந்த மறுநாள், சொன்னபடியே ஏழு மணிக்குப் பச்சையானது. அந்த முதல் நாளை என்னால் மறக்க முடியாது. சென்னையில், பெண்கள் விடுதி ஒன்றின் அறையில், அவள் கைவிரல் எதன் மேலோ பட்டிருக்கிறது. பட்ட மறு கணம் லோதி ரோட்டில் என் திரையில் ஒரு புள்ளி எரிகிறது. நான் எழுதிய நிரல்தான், எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் உடம்பு சிலிர்த்தது. "அம்மா வந்துட்டா" என்று பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்து, "இது சிர்ஃப் ஒரு டாட் அப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். வெறும் புள்ளியாம்.

அன்றிலிருந்து எனக்கு ஏழு மணி என்றால் நாற்காலிதான். முன்பெல்லாம் அந்த நேரத்தில் பெண்ணும் நானும் லோதி தோட்டம் வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வருவோம். அது நின்றுபோனது. நான் எழுந்துபோனால் அவள் திரையில் என் புள்ளி அணைந்துவிடுமே? அவள் நிமிர்ந்து பார்க்கும்போது நான் இல்லாமல் இருந்தால்? குளிர் இறங்கியபிறகு காலடியில் ஹீட்டர், தோளில் சால்வை, சால்வைக்கு வெளியே ஒரு கை மட்டும் மவுஸின் மேல். வேலை ஒன்றும் இருக்காது. சும்மா அப்படி இப்படி நகர்த்திக்கொண்டிருப்பேன். கண்ணில் விளக்கெண்ணெயை விட்டுக்கொண்டு புள்ளியைப் பார்ப்பேன். எரிகிறதா, எரிகிறதா, இன்னும் எரிகிறதா. அலுவலகத்தில் யாரைத் திட்டினேனோ அந்த நச்சரிக்கிற நிரலாக நானே ஆகியிருந்தேன்.

சனிக்கிழமைகளில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய்ச் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வாங்கி வருவேன். அவள் ஊர்ப் பக்கத்து அரிசிம்பருப்புச் சோறு எனக்கு உயிர். அவள் சொன்னபடியே வெங்காயம், பூண்டு, சீரகம் எல்லாம் போட்டுத்தான் செய்தேன். நன்றாகவே வந்தது. நன்றாக வந்ததுதான் தாங்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டேன். ஊரை விட்டு வந்து தில்லியில் உட்கார்ந்து ஊரை நினைத்து ஏங்குகிறவர்களை எனக்கு நிறையத் தெரியும். எனக்கு அந்த வியாதி கிடையாது, நான் பிறந்ததே இங்கேதான். அவள் இருந்த தில்லிக்கு, அவள் இல்லாத தில்லியில் உட்கார்ந்து ஏங்கினேன். எந்த ரயிலைப் பிடித்து அங்கே போவது?

ஜனவரியில் ஒரு நாள், கல்லூரிக்கு எந்தப் பாடத்தைக் கேட்பது என்று பெண்ணுக்குக் குழப்பம். அம்மாவிடம் பேச வேண்டும் என்றாள். புள்ளி பச்சையாக இருந்தது. கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். புள்ளி அதே பச்சை.

"அம்மா தோ ஆன்லைன்ல இருக்கா. ஏன் எடுக்கல?" என்று என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

"போன் சைலண்ட்டுல கெடந்துச்சுங்க" என்றாள் மனைவி, மறுநாள் காலை. சரி. அடுத்த வாரம் நான் கூப்பிட்டேன். பச்சை, மணி அடிக்கிறது, ஆள் இல்லை. அதற்கடுத்த வாரமும் அதே. காலையில் அதே பதில். அப்புறம் ஒருநாள், காலையில் பேசிக்கொண்டிருக்கும்போது, போகிறபோக்கில் சொன்னாள்: "இன்னும் ரெண்டு மூணு வருசம் இங்கயே இருக்கச் சொல்றாங்க. எனக்கும் இங்க நல்லாத்தான் இருக்குங்க."

நல்லாத்தான் இருக்கிறதாம். மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், நான் கூப்பிடுவது தெரிகிறது, எடுக்க மனமில்லை. வேறு என்ன அர்த்தம்? அவளுக்கு இங்கே திரும்பி வர விருப்பம் இல்லையோ என்று அன்றுதான் முதல்முறையாக நினைத்தேன். நினைத்த பிறகு, நினைக்காமல் இருக்க முடியவில்லை. மீட்டிங்கில் எவனோ என்னவோ கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். பெண்ணின் பரீட்சை அட்டவணையைப் பார்த்து, இது முடிந்தால் குவார்ட்டர்ஸையும் விட்டுவிட வேண்டும், அப்புறம் அவள் திரும்பி வருவதற்கு இங்கே ஒரு வாசல்கூட இருக்காது என்று கணக்குப் போட்டேன்.

அன்று மாலை புள்ளியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. புள்ளிக்குப் பின்னால் ஓடுகிற நேரத்தை, அவள் கை கடைசியாகப் பட்ட நேரத்தை, அப்படியே திரையில் ஓடவிட்டேன். ஏழு மணிக்கு வந்தாள். கொஞ்ச நேரம் எண்கள் தாறுமாறாகத் துள்ளின. தட்டச்சு செய்கிற மனுஷியின் கை அப்படித்தான் இருக்கும். நிற்கும், யோசிக்கும், வேகமாக ஓடும், அழித்துவிட்டு மறுபடி வரும். பிறகு அமைதி. பிறகு ஒரு சின்ன அசைவு, நாலைந்து துடிப்பு. சரியாக ஒரு நிமிடம் கழித்து அதே நாலைந்து துடிப்பு. மறுபடி ஒரு நிமிடம். மறுபடி. மறுபடி.

மனிதக் கை அப்படி அசையாது. அந்த அசைவு எனக்கு நன்றாகத் தெரியும். எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்த அந்தக் காலத்தில், எங்கள் மென்பொருளை ஏமாற்ற ஊழியர்கள் கண்டுபிடித்த வித்தை அது. முள் ஓடுகிற கைக்கடிகாரத்தை மேஜையில் மல்லாத்தி வைத்து, அதன் மேல் மவுஸை வைத்துவிட வேண்டும். விநாடி முள் ஒவ்வொரு சுற்றிலும் மவுஸின் வெளிச்சத்துக்கு அடியில் கடந்துபோகும். மவுஸ் தன்னை யாரோ நகர்த்துகிறார்கள் என்று நம்பும். ஆள் ஹாயாகப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். அந்த வித்தையைக் கண்டுபிடிக்கும் நிரலை எங்கள் நிறுவனத்தில் எழுதியவன் நான். இந்த வேடிக்கையைச் சாப்பாட்டு மேஜையில் அவளிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தவனும் நான்.

ஆக, இத்தனை மாதமாக நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஹீட்டரை அணைத்துவிட்டு எழுந்தேன். கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்தேன். அவமானமாக இருந்தது. கடிகாரத்தை உட்கார வைத்துவிட்டு இவள் எங்கே போகிறாள்? பெண் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "க்யா ஹுவா அப்பா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் ஏழு மணிக்குப் புள்ளி பச்சையானதுதான் தாமதம், கூப்பிட்டுவிட்டேன். உடனே எடுத்தாள்.

"என்னங்க, இந்நேரத்துக்கு? புள்ள நல்லாருக்காளா?"

"மவுஸுக்கு அடியில வாட்ச் வெக்கறியா நீ?"

விடுதித் தாழ்வாரத்தில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போவது கேட்டது.

"கண்டுபுடிச்சுட்டீங்களாக்கும்" என்றாள், மெல்ல.

"வெச்சுட்டு எங்க போற?"

"எங்கீங்க போறது? படுத்துக்குவேன். ஆபீஸுக்குப் போக ஒண்ணரை மணி நேரம், வர ஒண்ணரை மணி நேரம், ரயில்ல நின்னுட்டே. ரூமுக்கு வந்து மூஞ்சியக் கழுவுனா கண்ணு தன்னால சொருகிக்குது. பல நாளு சாப்படறதுகூட இல்லீங்க. கொஞ்ச நேரம் ஆபீஸ் வேலையப் பாக்கறேன், அப்பறம் கட்டையச் சாச்சுடறேன்."

"அத வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா? போட்ட மொத வாரம் ஒரு நாளு புள்ளி எரியலைன்னு வார்டனுக்குப் போன் போட்டீங்களே, ஞாபகம் இருக்குதா? அந்தம்மா ராத்திரியில கதவத் தட்டி எழுப்பி, உங்க வீட்டுக்காரரு அழுகற மாதிரிப் பேசறாருன்னு சொன்னாங்க. அதுக்கப்பறந்தான் இந்த ரோசனை. புள்ளி எரிஞ்சா நீங்க சாப்ட்டுட்டு நிம்மதியாத் தூங்குவீங்கல்ல."

"நிம்மதியாவா? கடிகாரத்துக்குத் துணையா ஹீட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன் நான். என் புள்ளி அணைஞ்சா நீ தவிச்சுப் போயிடுவியோன்னு பாத்ரூமுக்குக்கூட ஓடிப் போயிட்டு ஓடி வரேன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. பிறகு சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, "உங்க புள்ளிய நான் பாக்கறதே இல்லீங்க" என்றாள். "அது மேல ஸ்டிக்கர் பொட்ட ஒட்டி வெச்சுட்டேன்."

"பொட்டா?"

"பாத்தா எனக்கு ஆகறதில்லீங்க. அது பச்சையா எரிஞ்சா அந்தச் சேரு, அந்த லைட்டு, நீங்க கண்ணாடிய மூக்கு நுனியில விட்டுட்டுக் குனிஞ்சு உக்காந்திருக்கறது, அவ பாடத்தக் கத்திப் படிக்கறது, எல்லாம் அப்படியே தெரியுது. அப்பறம் வேலையும் ஓடாது, தூக்கமும் வராது. கட்டுன துணியோட வண்டி ஏறிரலாம்னு இருக்கும்."

என்னைப் போலவே அவளும் புள்ளியைப் பார்த்துப் பார்த்து ஆறுதல் அடைவாள் என்று நான் நினைத்திருந்தேன். என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை, அவளால் பார்க்க முடியவில்லை. இரண்டும் ஒரே நோய்தான் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

"நல்லாத்தான் இருக்குன்னு சொன்னியே" என்றேன்.

"வேற எப்படிச் சொல்றது? ஒப்பாரி வெச்சுட்டா சொல்லோணும்? எனக்கு இங்க புடிக்கலைன்னா நீங்க அந்த வேலைய விட்டுப்போட்டு வந்து நிப்பீங்க. புள்ளைக்குப் பரீட்சை வேற." குரல் இழுத்துக்கொண்டு வந்தது. படுத்துக்கொண்டுதான் பேசுகிறாள் என்று தெரிந்தது.

கேட்க நினைத்ததை இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்கமாட்டேன். "பரீட்சை முடிஞ்சா, குவார்ட்டர்ஸும் போயிடும். நீ திரும்பி வந்துடுவ இல்ல?"

"வராம எங்கீங்க போறேன்..." என்றாள். "டெல்லி வேணும்னு எழுதிக் குடுத்து மாசமாச்சு. கெடைக்குதோ என்னமோன்னு சொல்லல. கெடைக்காட்டியும்... எங்கியாச்சும் ஒரே ஊட்டுல..."

"சரி, போனை வெச்சுட்டுத் தூங்கு."

"நீங்க வைங்க."

"நீ வை மொதல்ல."

பதில் வரவில்லை. "லைன்ல இருக்கியா?" என்று கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் கேட்டது. மூச்சு. சீராக, ஆழமாக, முடிவில் லேசான ஒரு இழுப்போடு. இத்தனை வருடம் என் பக்கத்தில் படுத்துத் தூங்கியவளின் மூச்சு எனக்குத் தெரியாதா? நான் வைக்கவில்லை. காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். திரையில் அவள் புள்ளி சாம்பல் நிறத்துக்கு மாறியது. அதை நான் கவனித்ததே கொஞ்சம் கழித்துத்தான்.

ரொட்டி ஆறுகிறது என்று சமையலறையிலிருந்து பெண் கத்தினாள். "அப்பா! ஜல்தி வா! ரோட்டி டண்டா ஆயிடும்!"

போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். "ஷ்ஷ். மெதுவாப் பேசு. அம்மா தூங்கறா."

அவள் கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், காதிலிருந்த போனைப் பார்த்தாள். "அச்சா" என்று கிசுகிசுத்தாள். பிறகு நுனிக்காலில் நடந்துபோய், காலியாகக் கிடந்த எங்கள் படுக்கையறையின் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.